காலை எடுத்ததும் அடங்கும் எக்கோ: ஒரு ஃபுட்ஸ்விட்ச் மாற்றப் பணியின் மதிப்புரை

மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பவனுக்கு எக்கோ பாட்டு முழுவதும் தேவைப்படுவதில்லை. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில், எட்டுச் சுரங்கள் வேகமாக ஓடி ஒன்பதாவதில் போய் நிற்கும்போது, அந்த ஒன்பதாவது சுரம் மட்டும் இரண்டு மூன்று முறை திரும்ப ஒலித்து மெல்ல அடங்க வேண்டும். அதற்கு முந்தைய எட்டும் எக்கோ படாமல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒலிப்பதிவுக் கூடத்தில் இதைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம். மேடையில் அந்த வேலையைச் செய்வது வலது கால். ஒன்பதாவது சுரத்துக்குச் சற்று முன்னால் பெடலை ஒருமுறை மிதித்து எக்கோவைத் திறந்து, சுரம் ஒலித்த மறுகணம் இன்னொரு முறை மிதித்து மூட வேண்டும். இரண்டு மிதிக்கும் நடுவே அரை விநாடிகூடக் கிடைக்காது. அப்படியே சரியாக மிதித்துவிட்டாலும், மூடிய கணத்தில் திரும்ப ஒலித்துக்கொண்டிருந்த எக்கோவும் கத்தரித்தாற்போல் அறுந்துவிடும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க, என் எக்கோ பெடலின் ஃபுட்ஸ்விட்ச், அதாவது காலால் மிதிக்கும் ஸ்விட்ச், வேலை செய்யும் முறையையே மாற்றித் தரும்படி, சென்னையில் ஆம்புகளும் கீபோர்டுகளும் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். வேலை முடிந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இந்த நான்கு மாதங்களில் திருமண வரவேற்பு, கோயில் திருவிழா, கல்லூரி விழா என்று ஏறத்தாழ முப்பது மேடைகளில் அந்தப் பெடலை வைத்து வாசித்திருக்கிறேன். அந்தப் பணியைப் பற்றிய மதிப்புரை இது. தன் பெடலில் இதே மாற்றத்தைச் செய்ய நினைப்பவர் எதைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது இதிலிருந்து தெரியும் என்று நம்புகிறேன்.

முதலில் பெடலைப் பற்றி. கையால் கூட்டிச் செய்த, பெயர் பெறாத ஒரு தயாரிப்பு அது. உள்ளே இருப்பது தைவானின் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனத்தின் பிடி2399 சிப். பதினாறு கால்கள் கொண்டது, கரோக்கே பெட்டிகளில் எக்கோ தருவதற்கென்று உருவானது, இப்போது சிறு பெடல் தயாரிப்பாளர்கள் பலரும் பயன்படுத்துவது. அதன் ஆறாவது காலில் இணைக்கும் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டினால் எக்கோவின் இடைவெளி கூடும், 27.6 கிலோஓம் வைத்தால் 342 மில்லிவிநாடி வரும் என்று சிப்பின் தரவுத்தாளே சொல்கிறது. அதற்கு மேலும் நீட்டலாம், ஆனால் நீட்ட நீட்ட உள்ளே கடிகாரத் துடிப்பு மெதுவாகி இரைச்சல் கூடும். ஒலியில் எனக்குக் குறை இருந்ததே இல்லை. சற்று மங்கலான, பழைய டேப் எக்கோவை நினைவூட்டும் ஒலி; பாடகரின் குரலோடு மோதாமல் பின்னால் நின்றுகொள்ளும்.

குறை இருந்தது ஸ்விட்சில். ஒன்பது கால்கள் கொண்ட, மூன்று வரிசைகளாக இணைப்புகளை மாற்றிப் போடும் வழக்கமான 3பிடிடி ஸ்விட்ச் அது. ஒரு வரிசை உள்ளே வரும் ஒலிக்கு, இன்னொன்று வெளியே போகும் ஒலிக்கு, மூன்றாவது எல்இடி விளக்குக்கு. ஒருமுறை மிதித்தால் ஒரு பக்கம் விழுந்து அங்கேயே நிற்கும். மறுமுறை மிதித்தால் அடுத்த பக்கம் விழும். இதைத்தான் லாட்சிங் என்கிறோம். எஃபெக்ட் வேண்டாதபோது கிட்டாரின் ஒலி பெடலின் சர்க்யூட்டைத் தொடாமல் ஜாக்கிலிருந்து ஜாக்குக்கு நேரே போய்விடுவதால் இதற்கு ட்ரூ பைபாஸ் என்ற பெயரும், அந்தப் பெயரால் ஒரு மதிப்பும் உண்டு. அந்த மதிப்பு சற்று மிகை என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இந்த வகை ஸ்விட்சை அழுத்த நல்ல விசை வேண்டும். அழுத்தும்போது பெட்டி முழுவதும் அதிரும்படி 'டக்' என்று ஓசை வரும். மலிவானதாக இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் உள்ளே தகடுகள் தேய்ந்து, மிதித்தும் மாறாமல் அடம்பிடிக்கும். என்னுடையது அந்த நிலைக்கு வந்த பிறகுதான், வெறுமனே புதிய ஸ்விட்ச் போடுவதற்குப் பதிலாக முறையையே மாற்றிவிடலாம் என்ற எண்ணம் வந்தது.

நான் நினைத்த முறை புதியது அன்று. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ஃப்ரீஸ் பெடலில் ஒரு சிறு மூன்று நிலைச் சாவி இருக்கிறது. இரண்டு நிலைகளில் காலை அழுத்தி வைத்திருக்கும்வரை மட்டும் சுரம் உறைந்து நிற்கும், மூன்றாவதில் காலை எடுத்தாலும் நிற்கும். இப்படி அழுத்தி வைத்திருக்கும்வரை மட்டும் இயங்குவதை மொமென்டரி என்கிறோம். டிஜிடெக் நிறுவனத்தின் டிராப் பெடலிலும் லாட்சிங், மொமென்டரி இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொள்ளச் சாவி உண்டு. அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஏக்ரான் நகரில் இயங்கும் எர்த்குவேக்கர் டிவைசஸ் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், தனியாகச் சாவியே இல்லாமல், தட்டினால் நிலைக்கவும் அழுத்திப் பிடித்தால் பிடித்திருக்கும்வரை மட்டும் இயங்கவும் கூடிய ஸ்விட்சைத் தன் பெடல்கள் சிலவற்றில் ஃபிளெக்ஸி ஸ்விட்ச் என்ற பெயரில் தருகிறது. எனக்கு வேண்டியது இந்தக் கடைசி வகை. அதற்காகப் புதிய எக்கோ பெடல் ஒன்றை இறக்குமதி விலை கொடுத்து வாங்குவதைவிட, ஒலி பிடித்துப்போன பழைய பெடலையே திருத்திக்கொள்வது மேல் என்று பட்டது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் நானே இதைத் தவறாகப் புரிந்துவைத்திருந்தேன். மொமென்டரி ஸ்விட்ச் ஒன்றை வாங்கிப் பழைய ஸ்விட்ச் இருந்த 12 மில்லிமீட்டர் துளையில் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஸ்விட்ச் என்பது கால் சொல்வதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஆள் மட்டுமே. அதைக் கேட்டு என்ன செய்வது என்று முடிவெடுப்பது சர்க்யூட். 1977 முதல் வந்துகொண்டிருக்கும் போஸ் (BOSS) நிறுவனத்தின் சிறிய பெடல்களே இதற்குச் சான்று. அவற்றின் அகலமான மிதிதகட்டுக்கு அடியில் இருப்பது விட்டால் மேலே வந்துவிடும் மொமென்டரி ஸ்விட்ச்தான். ஆனால் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்களால் ஆன ஒரு ஃபிளிப்-ஃபிளாப், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் நிலையை மாற்றி நினைவில் வைத்துக்கொள்வதால், வாசிப்பவருக்கு அது லாட்சிங் போலவே நடந்துகொள்கிறது. ஒலிப் பாதையைத் திறந்து மூடுவதும் உலோகத் தகடுகள் அல்ல, எஃப்இடி டிரான்சிஸ்டர்கள். அதனால்தான் அந்தப் பெடல்களில் மிதி மென்மையாகவும் மாற்றம் ஓசையின்றியும் இருக்கிறது.

பழுதுபார்ப்பவரிடம் போய் என் தேவையைச் சொன்னேன். அவர் பெடலைத் திறக்கவேயில்லை. கிட்டாரை மாட்டச் சொல்லி, இடையிசையின் அந்தக் கடைசிப் பகுதியை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இரண்டு முறை கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இந்தப் பணி முழுவதையும் தீர்மானித்தது.

"காலை எடுத்ததும் எக்கோ அங்கேயே அறுந்துடணுமா தம்பி, இல்ல தானா ஓய்ஞ்சு அடங்கணுமா?"

"தானா அடங்கணும்ணே" என்றேன்.

"அப்படின்னா பைபாஸ்ல கை வைக்கக் கூடாது. உள்ளே போற வழியை மட்டும் மூடணும்" என்றார்.

வாசிப்பவன் ஒருவனாக எனக்கு இது தோன்றியிருக்காது. நான் கேட்டுக்கொண்டு போனது போல ட்ரூ பைபாஸையே மொமென்டரி ஆக்கியிருந்தால், காலை எடுத்த கணத்தில் பெடல் முழுவதும் பாதையிலிருந்து விலகியிருக்கும்; நான் எந்த எக்கோவுக்காக இந்த வேலையில் இறங்கினேனோ அது கேட்காமலே போயிருக்கும். அவர் செய்த ஏற்பாட்டில், கிட்டாரின் நேரடி ஒலி எப்போதும் பெடலின் ஆப்-ஆம்ப் என்ற சிறு பெருக்கிச் சிப்பின் வழியாகத் தடையின்றிப் போகிறது. எக்கோ சிப்புக்குப் பிரிந்து செல்லும் கிளைப் பாதை மட்டும் காலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காலை அழுத்தினால் அந்தக் கிளை திறக்கும், வாசிக்கும் சுரம் எக்கோவுக்குள் நுழையும். காலை எடுத்தால் கிளை மூடும். ஏற்கனவே உள்ளே நுழைந்த சுரம் மட்டும் தன் போக்கில் திரும்பத் திரும்ப ஒலித்து ஓயும். வாய்க்காலின் மடையை மூடிய பிறகும் வயலுக்குள் பாய்ந்த நீர் பாய்ந்ததுதானே, அது போல.

கிளையை மூடும் விதத்திலும் கவனம் தெரிந்தது. மின்காந்தத்தால் இழுபட்டு மாறும் ஸ்விட்சான ரிலே போடுவார் என்று எதிர்பார்த்தேன். ரிலே என்றால் ஒவ்வொரு முறையும் பெட்டிக்குள் சிறு 'கிளிக்' ஓசை எழும், மொமென்டரியாகப் பயன்படுத்தினால் ஒரு பாட்டில் இருபது முப்பது முறை அது கேட்கும் என்று சொல்லி, அதற்குப் பதிலாக ஒளியால் இயங்கும் ஆப்டோகப்ளர் ஒன்றைப் போட்டார். அதன் உள்ளே இருக்கும் எல்இடி எரியும்போது, கிளைப் பாதையில் வரும் ஒலி தரைக்கு (சர்க்யூட்டின் கிரவுண்டுக்கு) இறங்கிவிடுகிறது. அணைந்தால் ஒலி சிப்புக்குள் போகிறது. அந்த இடத்துக்கு முன்னால் ஒரு 10 கிலோஓம் ரெசிஸ்டர் இருப்பதால், கிளையைத் தரையோடு இணைத்தாலும் நேரடி ஒலி பாதிக்கப்படுவதில்லை. ஸ்விட்ச் மாறும்போது ஆம்பில் 'பட்' என்று வெடிக்கும் ஓசைக்குப் பெரும்பாலும் காரணம், கெபாசிட்டர் வழியாகக் கசிந்து தேங்கும் டிசி மின்னழுத்தம் சட்டென்று தரைக்குப் பாய்வதுதான். அந்தப் புள்ளியை ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் மூலம் எப்போதும் தரையோடு கட்டி வைத்திருப்பதால் அங்கே எதுவும் தேங்குவதில்லை. ஆம்பை முழுவதும் ஏற்றி வைத்து, கிட்டாரைத் தொடாமல், காலை மட்டும் வைத்து வைத்து எடுத்துப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை.

காலின் பேச்சைக் கேட்டு முடிவெடுப்பது ஏடிடைனி 85 என்ற எட்டுக் கால் மைக்ரோகன்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி இயக்கும் சிறு சிப். அதன் வேலை எளியதுதான். அழுத்திய உடனே எக்கோவைத் திறக்கிறது. காலை எடுக்கும்போது எவ்வளவு நேரம் அழுத்தியிருந்தோம் என்று பார்க்கிறது. குறைவான நேரம் என்றால் அது தட்டல், எக்கோ திறந்தே இருக்கும். அதிக நேரம் என்றால் அது பிடித்தல், எக்கோ மூடிவிடும். உலோகத் தொடர்புகள் மூடும்போது சில மில்லிவிநாடிகள் துள்ளித் துள்ளித் தொடுவதால், அந்தத் துள்ளலைப் பல தட்டல்களாக எண்ணிவிடாதபடி சிறிது பொறுத்துப் பார்க்கவும் அதற்குச் சொல்லியிருக்கிறார். எக்கோ ஏற்கனவே திறந்திருக்கும்போது அழுத்திப் பிடித்தால் நேர்மாறாக நடக்கிறது: பிடித்திருக்கும்வரை மூடி, விட்டதும் மறுபடி திறக்கிறது. இதை நான் கேட்கவில்லை, அவராகச் சேர்த்தது. மெதுவான பாட்டில் எக்கோவைத் திறந்தே வைத்துக்கொண்டு, நடுவில் வரும் ஒரு வேகமான பிடியில் மட்டும் காலை வைத்து எக்கோவை ஒதுக்கிவிட இப்போது முடிகிறது.

எவ்வளவு நேரம் தட்டல், எவ்வளவு நேரம் பிடித்தல் என்ற எல்லையில்தான் முதல் சிக்கல் வந்தது. முதலில் 400 மில்லிவிநாடி வைத்துக் கொடுத்தார். வீட்டில் சரியாக இருந்தது. முதல் மேடையில், நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடும் ஒரு பாட்டில், இடையிசையின் கடைசிச் சுரம் அரை அடிதான் நீண்டது. அந்த வேகத்தில் அரை அடி என்பது 250 மில்லிவிநாடி. நான் பிடித்ததைப் பெடல் தட்டலாக எடுத்துக்கொண்டது. காலை எடுத்த பிறகும் எக்கோ மூடவில்லை, சரணத்தின் முதல் இரண்டு வரிகள் முழுவதும் என் கிட்டார் தாளத்தின் மேல் தாளமாக அடுக்கிக்கொண்டே போனது. பாடகி திரும்பிப் பார்த்தார். மறுநாளே போய்ச் சொன்னேன். அவர் சலித்துக்கொள்ளாமல், ஸ்விட்சை மடிக்கணினியோடு இணைத்து, ஒவ்வொரு அழுத்தமும் எத்தனை மில்லிவிநாடி நீடிக்கிறது என்று திரையில் காட்டும் ஒரு சிறு நிரல் எழுதி, என்னை ஐம்பது முறை மிதிக்கவைத்தார். என் தட்டல்கள் எல்லாம் 90 முதல் 160 வரை இருந்தன. வேகமான பாட்டில் நான் பிடிக்கும் மிகக் குறைந்த நேரம் 230-க்குச் சற்று மேலே இருந்தது. எல்லையை 200-க்கு இறக்கினார். அதற்குப் பிறகு அந்தத் தவறு நேரவில்லை. இந்த வேலையைச் செய்துகொள்ள விரும்பும் ஒவ்வொருவரும் இந்த அளவெடுப்பை முதலிலேயே கேட்டுச் செய்துகொள்வது நல்லது. தையற்காரர் பிறர் அளவில் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாதது போலவே, பிறர் காலுக்கு வைத்த எல்லையும் பொருந்தாது.

காலணி இல்லாமல் வாசிப்பவர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. கோயில் திருவிழா மேடைகளில் நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். வெறுங்காலோடு பழைய 3பிடிடி ஸ்விட்சை மிதிப்பது வேதனை. பெருவிரலுக்கு அடியில் அந்த உலோகக் குமிழ் பதிந்து, மூன்று மணி நேரக் கச்சேரி முடியும்போது சிவந்து கன்றியிருக்கும். இப்போது போட்டிருக்கும் மென்மையான ஸ்விட்ச் பெருவிரல் நுனியின் பாரத்துக்கே இறங்குகிறது. ஆனால் வெறுங்காலில் தட்டும்போது காலை எடுக்க இயல்பாகவே சற்று நேரமாகிறது. சில தட்டல்கள் 180 வரை போவதைத் திரையில் பார்த்தேன். எல்லைக்கு மிக அருகில். ஆகவே வெறுங்காலோடு இருக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, விரலால் மட்டும் தட்டப் பழகிக்கொண்டேன்.

பெடல் எப்போதும் பாதையிலேயே இருக்கிறது என்பதால், அதற்கு மின்சாரம் நின்றால் கிட்டாரே ஊமையாகிவிடும் என்ற அச்சம் எனக்கு இருந்தது. நம் ஊர் மேடைகளில் ஒரு கச்சேரிக்குள் இரண்டு முறையாவது மின்சாரம் ஜெனரேட்டருக்கு மாறும். அந்த ஓரிரு விநாடி இருட்டு எல்லா இசைக்கலைஞருக்கும் பழக்கமானது. அவர் இதற்குத்தான் ரிலேயைப் பயன்படுத்தினார். 5 வோல்ட்டில் இயங்கும் சிறிய டிகியூ2 வகை ரிலே ஒன்று, பெடலுக்கு மின்சாரம் இருக்கும்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் விட்டுவிடும். அப்போது உள்ளே வரும் ஜாக்கும் வெளியே போகும் ஜாக்கும் நேரடியாக இணைந்துவிடுகின்றன. மின்சாரம் திரும்பி வந்ததும் உடனே இழுப்பதில்லை, ஒரு விநாடி பொறுத்து இழுக்கிறது. பிடி2399 விழித்தெழும்போது எழுப்பும் கரகரப்பு ஆம்புக்குப் போய்ச்சேராமல் இருக்கவே அந்தத் தாமதம். சென்ற மாதம் ஒரு திருவிழாவில் மேடை விளக்குகள் அணைந்து ஜெனரேட்டர் வந்தபோது, ஆம்ப் உயிர்பெற்ற கணத்திலேயே என் கிட்டார் கேட்டது. ஒரு விநாடி கழித்துப் பெடலின் உள்ளே மிக மெல்லிய 'கிளிக்', பிறகு எல்லாம் வழக்கம் போல. இந்தப் பணியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி எது என்று கேட்டால், எக்கோவைவிட இதைத்தான் சொல்வேன்.

இதற்கு ஒரு விலை உண்டு. அந்த ரிலே தொடர்ந்து 28 மில்லிஆம்பியர் எடுத்துக்கொள்கிறது. 9 வோல்ட் பேட்டரியில் வாசிப்பவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. அடாப்டரில் வாசிப்பவர்களுக்குப் பொருட்டே இல்லை. ஒருமுறை துடிப்புக் கொடுத்தால் நிலையை மாற்றி மின்சாரம் இல்லாமலே அங்கேயே நிற்கும் லாட்சிங் ரிலே இருக்கிறதே என்று கேட்டேன். அது மின்சாரம் போனாலும் போன நிலையிலேயே நிற்கும், நமக்கு வேண்டியது போனவுடன் விட்டுவிடுவது என்று அவர் சொன்னது நியாயமாகப் பட்டது.

ட்ரூ பைபாஸை இழந்ததில் வருத்தம் உண்டா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இல்லை. கிட்டாரிலிருந்து பெடலுக்கு ஆறு மீட்டர் கேபிள், பெடலிலிருந்து மேடையின் பின்புறம் இருக்கும் ஆம்புக்கு ஒன்பது மீட்டர். சாதாரணக் கிட்டார் கேபிளில் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். ட்ரூ பைபாஸில் இந்தப் பதினைந்து மீட்டரின் சுமை முழுவதையும் கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் கிட்டாரின் பிக்கப் நேரடியாகத் தாங்க வேண்டும். அதில் முதலில் மழுங்குவது கம்பியின் கூர்மை. இப்போது பிக்கப் தாங்குவது ஆறு மீட்டரை மட்டுமே, மிச்சத்தை ஆப்-ஆம்ப் பார்த்துக்கொள்கிறது. எக்கோ மூடியிருக்கும்போதுகூட என் கிட்டார் முன்பைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்று ஒலியமைப்பாளரே சொன்னார். அவரிடம் மாற்றத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இப்படிக் கேபிளின் சுமையைத் தாங்கும் பஃபர் சர்க்யூட் ஒன்றை ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கோ, வீட்டில் மூன்று மீட்டர் கேபிளோடு வாசிப்பவர்களுக்கோ இந்த வேறுபாடு தெரியாது.

இனி குறைகள். முதலாவதும் முக்கியமானதும் இரைச்சல். கிளைப் பாதையை மூடினாலும், எக்கோ சிப்பின் வெளியீடு எப்போதும் நேரடி ஒலியோடு கலந்தே இருக்கிறது. ஆகவே சிப்பின் இரைச்சலும் எப்போதும் கலக்கிறது. எக்கோவின் இடைவெளியை நீட்டி, கலவைக் குமிழைப் பாதிக்கு மேல் திருப்பி வைத்தால், அமைதியான அறையில் ஒரு மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கிறது. மேடையில் மிருதங்கமும் டிரம்ஸும் இருக்கும்போது கேட்காது, ஒலிப்பதிவில் கேட்கும். வெளியீட்டையும் மூடினால் இரைச்சல் போய்விடும், ஆனால் எக்கோவின் வாலும், அதாவது தானாக அடங்கும் அந்தக் கடைசி ஒலிகளும், சேர்ந்து போய்விடும். இரண்டும் ஒரே வழியில் வருவதால் ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க முடியாது. இது செய்தவரின் தவறு அன்று, தேர்ந்தெடுத்த முறையின் இயல்பு. ஆனால் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அவர் இதைச் சொல்லியிருக்கலாம்.

இரண்டாவது, விளக்கு. தட்டி நிலைக்கவைத்தால் சிவப்பும், பிடித்திருந்தால் பச்சையும் எரியும் இருவண்ண எல்இடி போட்டிருக்கிறார். எண்ணம் அருமையானது, எந்த நிலையில் இருக்கிறேன் என்று ஒரு பார்வையில் தெரிகிறது. வெளிச்சம்தான் மிக அதிகம். இருண்ட மேடையில் கண்ணைக் குத்தியதால், இரண்டு வாரம் அதன் மேல் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருந்து, பிறகு ரெசிஸ்டரை மாற்றித் தரச் சொன்னேன். காசு வாங்காமல் மாற்றித் தந்தார்.

மூன்றாவது, என்ன செய்தார் என்பதற்கு எழுத்தில் எதுவும் தரவில்லை. பெடலின் பழைய போர்டில் எந்த இடத்தில் தடத்தை வெட்டினார், எங்கே வயர் எடுத்தார் என்று ஒரு தாளில் வரைந்து மூடிக்குள் ஒட்டியிருந்தால், நாளை வேறொருவர் திறக்க நேர்ந்தால் உதவும். நான் கேட்ட பிறகு கைப்பேசியில் எடுத்த நான்கு படங்களை அனுப்பினார். சால்டரிங் சுத்தமாக இருக்கிறது, வயர்கள் அளவாக வெட்டப்பட்டிருக்கின்றன, சேர்த்த சிறு போர்டு பெட்டியின் உலோகத்தில் உரசாமல் இருக்க அடியில் நுரைத்தாள் வைத்திருக்கிறார். ஆனாலும் படங்களை நானாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

நான்கு நாளில் தருவதாகச் சொன்ன வேலைக்கு ஒன்பது நாள் ஆனது. இடையில் வந்த இரண்டு கச்சேரிகளுக்கு நண்பரிடம் பெடல் இரவல் வாங்கினேன். உதிரிப் பொருள்களைச் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவிலிருந்து நானே வாங்கிக் கொடுத்தேன். ரிலே, ஆப்டோகப்ளர், மைக்ரோகன்ட்ரோலர், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. கூலியாக ஆயிரத்து இருநூறு வாங்கினார். எல்லையை மாற்றி எழுதியதற்கும் விளக்கைத் திருத்தியதற்கும் தனியாகக் கேட்கவில்லை. செலவிட்ட நேரத்தையும் யோசனையையும் பார்த்தால் இது குறைவான கூலி என்றே எனக்குத் தோன்றியது.

எல்லாப் பெடலிலும் இதைச் செய்ய முடியாது. என் பெடலில் நேரடி ஒலியும் எக்கோவும் தனித்தனிப் பாதையில் சென்று கடைசியில் ஒன்று சேர்வதால்தான் கிளையை மட்டும் மூட முடிந்தது. டிஸ்டார்ஷன், வா-வா போன்ற பெடல்களில் கிளை என்று ஒன்றே இல்லை. நேரடி ஒலியையும் எண்களாக மாற்றிச் சிப்புக்குள்ளேயே கலக்கும் டிஜிட்டல் பெடல்களில், வெளியிலிருந்து வெட்டி நுழைய இடமே கிடைக்காது. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் பெடலைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது. வெளி ஃபுட்ஸ்விட்சுக்கு ஜாக் இருக்கும் பெடல் என்றால் திறக்கவே தேவையில்லாமலும் போகலாம். போஸ் நிறுவனத்தில் மொமென்டரிக்கு எஃப்எஸ்-5யூ, லாட்சிங்குக்கு எஃப்எஸ்-5எல் என்று தனித்தனியாகவே கிடைக்கின்றன, பெடலின் கையேடு எதைக் கேட்கிறது என்று பார்த்து வாங்கினால் போதும்.

சென்ற வாரம் ஒலியின் அளவை நடுங்கவைக்கும் என் ட்ரெமலோ பெடலையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். அதற்கு வால் தேவையில்லை, காலை எடுத்ததும் நடுக்கம் நின்றுவிட வேண்டும் என்பதால் ரிலே ஒன்றே போதும் என்றார். கிளிக் ஓசையைப் பற்றிக் கேட்டேன். ரிலேக்கு அடியில் நுரைத்தாள் வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார். இந்த முறை வேலையைத் தொடங்கும் முன்பே மடிக்கணினியை எடுத்து வைத்து, செருப்போடு இருபத்தைந்து முறையும் வெறுங்காலோடு இருபத்தைந்து முறையும் மிதிக்கச் சொன்னார்.